'நில்' என்ற சேதி நின்ற இடம்

மாமாவின் முதல் குத்து நொடியின் மூக்கில் விழுந்தது. இரண்டாவது, மூக்கு இருந்த இடத்தில் விழுந்தது. மூன்றாவதுக்கு அவர் கையை ஓங்குவதற்குள் நொடி மேசைக்கடியில் புகுந்துவிட்டான். அங்கே ஏற்கெனவே அவனுடைய கூட்டாளி மொட்டை ஒண்டியிருந்தான்.

"தள்ளுடா."

"இடமில்ல. அடி உனக்குத்தானே வந்திருக்கு, வெளிய போய் வாங்கிக்கோ," என்றான் மொட்டை. ஐந்து வருடக் கூட்டு.

மாமா என்றால் நொடியின் அக்கா புருஷன். இரும்புத் தகட்டை அழுத்திக் கதவும் மூடியுமாக வளைக்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர். முறுக்கிய நட்டைக் கழற்றப் பிறர் ஸ்பானர் தேடுவார்கள். அவர் விரலை வைத்துப் பார்ப்பார். அந்த விரல்களெல்லாம் இப்போது ஒன்றுசேர்ந்து மேசையின் காலைப் பிடித்துத் தூக்கின. மேசை சுவரில் போய் விழுந்தது. அதன் மேலிருந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் பின்னாலேயே போயின.

"நான் அமுக்கினேன்டா!" என்று மாமா கத்தினார். "சிவப்புப் பட்டனை நான் அமுக்கினேன். அமுக்கின பிறகும் அது வந்துச்சு. வந்து அவனை வேலியோட சேத்து நசுக்கிச்சு. எலும்பு உடையுற சத்தம் கேட்டிருக்கியாடா நீ? பச்சை மூங்கிலை முட்டியில வச்சு ஒடிச்ச மாதிரி. நான் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன்!"

'அவன்' என்றது அதே தொழிற்சாலையின் வெல்டரை. மாமாவுக்கு இருபது வருட நண்பன், ஒரே டிபன் கேரியரில் கைபோடுகிறவன்.

இங்கே நொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது வீட்டில் வைத்த பெயர் இல்லை. சொந்த அக்கா கல்யாணத்துக்கே எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு வந்து சேர்ந்தவனுக்கு ஊர் கேலியாக வைத்த பெயர். ஆனால் அவன் செய்கிற தொழில் அந்தக் கேலியை நிஜமாக்கிவிட்டது. ஒரு புரோகிராமிடமிருந்து இன்னொரு புரோகிராமுக்குச் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு லைப்ரரியை, அதாவது மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல் தொகுப்பை, அவனும் மொட்டையும் எழுதினார்கள். டயர் கடைக்கு மேலே இருந்த இந்த அறையில்தான் எழுதினார்கள். அதற்கு 'அம்பு' என்று பெயர் வைத்தார்கள். விநாடியைப் பத்து லட்சம் துண்டாக வெட்டினால் வருகிற ஒரு துண்டுக்கு மைக்ரோ விநாடி என்று பெயர். அப்படி ஒன்பதே துண்டில் அம்பு ஒரு சேதியைச் சேர்த்துவிடும். சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்புப் பெயின்டால் '9' என்று மொட்டை எழுதி வைத்திருந்தான். மேசை விழுந்ததில் அந்த ஒன்பதின் வாலில் காரை பெயர்ந்திருந்தது.

மாமாவின் தொழிற்சாலையில் எட்டு இயந்திரக் கைகள் இருந்தன. தகட்டை அழுத்தி வளைக்கிற ஒரு பிரஸ்ஸிலிருந்து அதை எடுத்து அடுத்த பிரஸ்ஸில் வைப்பது அவற்றின் வேலை. முன்பெல்லாம் சிவப்புப் பட்டனிலிருந்து கைக்கு விரல் தடிமனில் ஒரு கேபிள் போகும். பட்டனை அமுக்கினால் கை செத்துப்போகும். அம்பு வந்ததும், 'நில்' என்ற சேதியை இனி அதுவே கொண்டுபோகும் என்று அந்தக் கேபிளைப் பிடுங்கினார்கள். 'கம்பியைவிட வேகம்' என்று விளம்பரத்தாளில் நொடிதான் எழுதினான். கேபிளைப் பிடுங்கியவர் மாமா. வேண்டாம் என்று தடுத்த ஃபோர்மேனிடம், "என் மச்சினன் எழுதினது சார், தைரியமாப் பிடுங்கலாம்," என்று சொல்லிவிட்டுப் பிடுங்கினார்.

நேற்று மத்தியானத்துக்குச் சற்று முன் வெல்டர் கைகளைச் சுற்றிப் போட்ட பாதுகாப்பு வேலிக்குள் போய் ஒரு தாங்கியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அளவு சரிபார்க்க நாலாம் நம்பர் கையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆடவிட்டிருந்தார்கள். மாமா பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காவல் நின்றார். கை திசை தப்பி வெல்டர் பக்கம் திரும்பியதுமே அமுக்கினார். தோள்பட்டை, மூன்று விலா எலும்பு, ஒரு காது போயின; வெல்டர் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"மேனேஜர் என்ன சொல்றான் தெரியுமா?" மாமாவின் குரல் இறங்கிவிட்டது. அது குத்தைவிட மோசமாக இருந்தது. "பட்டன்லேர்ந்து சேதி ஒம்பது துண்டுல போயிருக்கு, ரெக்கார்டுல இருக்குங்கறான். அப்போ நீங்கதான் லேட்டா அமுக்கியிருக்கீங்க, அடிபட்ட பிறகு அமுக்கிட்டுப் பொய் சொல்றீங்கங்கறான். 'ரெக்கார்டு பொய் சொல்லுமா, உங்க மச்சினன் எழுதினதுதானே'ங்கறான். இன்னிக்குக் காலையில என் எதிர்லயே பத்துத் தடவை அமுக்கிக் காட்டினான். பத்துத் தடவையும் நின்னுச்சுடா. சொல்லு. நான் லேட்டா அமுக்கினேனா?"

அம்புவின் ரெக்கார்டு ஒன்பது என்றால் ஒன்பதுதான். ஐந்து வருடமாக அது வேறு எண்ணைச் சொன்னதே இல்லை.

நொடியின் போன் அடித்தது. அக்கா.

"உங்க மாமா அங்க வந்தாரா?"

"வந்தாரு."

"அடிச்சாரா?"

"ம்."

"நல்லா அடிச்சாரா?"

"மூக்குல ரெண்டு."

"இன்னும் ரெண்டு வாங்கிக்கோ," என்றாள் அக்கா. பிறகு அழுதாள். "ராத்திரி பூரா தூங்கலடா. தலைகாணியைக் கட்டைவிரலால அமுக்கிக்கிட்டே இருந்தாரு. அமுக்குறாரு, கடிகாரத்தைப் பாக்குறாரு, மறுபடி அமுக்குறாரு. அவருக்கே அவர் மேல சந்தேகம் வந்துடுச்சுடா. அதோட, வெல்டரோட தம்பிங்க நாலு பேர் வீட்டுக்கு வந்து கதவை ஒடைச்சிட்டாங்க. அங்கதான் வர்றாங்க. பாத்து..."

பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இரும்புப் படி அதிர்ந்தது. அப்போது மணி பத்தேகால்.

டயர் கடையிலிருந்து மேலே வரும் அந்தப் படி ஒரே ஒரு ஆள் அகலம். பிரிட்ஜ் வாங்கினால்கூட ஜன்னல் வழியாகக் கயிறு கட்டித்தான் ஏற்ற வேண்டும். தம்பிகள் நால்வரும் பிரிட்ஜ் சைஸ். கடைசித் தம்பியைக் கடைக்குட்டி என்பார்கள்; அவன் இரண்டு கதவு பிரிட்ஜ்.

"எங்க அண்ணன் கத்துறான், நீ வேடிக்கை பாத்தியாடா?" என்று கேட்டுக்கொண்டே முதல் தம்பி படியின் உச்சியில் மாமாவின் நெஞ்சில் உதைத்தான். மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், திருப்பி அடிக்காமல். நியாயம் தன் பக்கம் இருக்கும்போது மாமா அடிக்காமல் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. உதட்டில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, அடிவயிற்றில் முட்டியால் ஒன்று. மாமாவின் வாயிலிருந்து வந்த ரத்தம் நொடியின் செருப்பில் சொட்டியது.

முதல் தம்பி ஓய்ந்தான். ஓய்ந்தவன் கீழே இறங்க முடியாது. பின்னால் மூன்று பேர். இரண்டாமவன் அவனுடைய அக்குளுக்கடியில் கையை நுழைத்துக் குத்தினான். அந்தக் குத்து பாதி அண்ணனுக்கும் பாதி மாமாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

"யோவ், என்னையே அடிக்கிற!"

"நகருண்ணே அப்போ!"

"எங்க நகர்றது, உன் தலையிலயா?"

கடைசியில் நின்ற கடைக்குட்டி படியே பெயரும்படி குதித்தான். "வழி விடுங்கடா! நான் வந்து பத்து நிமிஷம் ஆச்சு, இன்னும் ஒரு அடிகூட அடிக்கல!"

கீபோர்டைக் கேடயமாகப் பிடித்தபடி மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த நொடி அதைக் கேட்டான். கேட்டவன் அப்படியே நின்றுவிட்டான். இரண்டாம் தம்பியின் முழங்கை வந்து காதில் இடித்தது, அதுகூட உறைக்கவில்லை.

"ஏய் கடைசி ஆளு!" என்று கத்தினான். "நீ எப்போ வந்தே?"

"என்னது?"

"படியில எப்போ கால் வச்சே?"

"இவனுங்களோட ஒண்ணாத்தான்!"

"எப்போ அடிச்சே?"

"எங்கடா அடிச்சேன்? விட்டாத்தானே!"

"நீ மேல வந்து கையை ஓங்கினா, குத்து எவ்வளவு நேரத்துல விழும்?"

"வந்து காட்டவா? கண் மூடித் திறக்கறதுக்குள்ள விழும்!"

நொடி கீபோர்டைக் கீழே போட்டான். "மாமா," என்றான். "நீங்க சரியாத்தான் அமுக்கியிருக்கீங்க."

சண்டை நின்றது. நொடியின் முகம் போயிருந்த போக்கைப் பார்த்து, ஆளுக்கு எங்கேயோ பலமாகப் பட்டுவிட்டது போலிருக்கிறது என்று முதல் தம்பி பயந்ததுதான் காரணம்.

நொடி வாசற்படியிலேயே உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அம்புவில் எல்லாச் சேதிக்கும் ஒரே வரிசைதான். ஒரே வரிசையாக இருந்தால்தான் வேகம் வரும். ஒரு சேதியும் தொலையக் கூடாது என்பது இன்னொரு பெருமை. ஆகவே வாங்குகிறவன் சோம்பேறியாக இருந்தால் வரிசை முழுக்கக் காத்து நிற்கும். சேதி வரிசையின் முனைக்கு வந்து, வாசலைத் தாண்டும்போதுதான் நொடி எழுதிய கடிகாரம் ஓடத் தொடங்கும். வாசலிலிருந்து கை வரைக்கும் ஒன்பது துண்டு. பொய்யே இல்லை. படியில் நின்ற நேரத்தை யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

"புரியல," என்றான் மூன்றாம் தம்பி.

"இப்ப உன் தம்பி அடிச்சிருந்தா, நான் 'கடைக்குட்டி ரொம்ப வேகம், கண் மூடித் திறக்கறதுக்குள்ள அடிச்சான்'னு எழுதுவேன். பத்து நிமிஷம் நின்னதை எழுத மாட்டேன். அஞ்சு வருஷமா அப்படித்தான் எழுதிட்டிருக்கேன். 'நில்'லுங்கற சேதி படியில நின்னுச்சு. உங்க அண்ணனை அடிச்சது மாமா இல்ல. நான்."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடிக்க வந்த இடத்தில் 'என்னை அடி' என்று ஒருவன் முன்வந்தால் எப்படி அடிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"நாளைக்குக் காலையில தொழிற்சாலைக்கு வாங்க. நிரூபிக்கிறேன்."

"நிரூபிச்சா?" என்றான் முதல் தம்பி.

"என்னை அடிங்க."

"நிரூபிக்கலைன்னா?"

"அப்பவும் என்னைத்தான் அடிங்க."

இந்த ஏற்பாடு அவர்களுக்குப் பிடித்திருந்தது. அதற்குள் டயர் கடைக்காரர் கடப்பாரையோடு வந்து, "படிக்கு ஏதாவது ஆச்சு, அத்தனை பேர் மண்டையும் இங்கயே உருளும்," என்றதும் வரிசையாக, பின்பக்கமாகவே இறங்கினார்கள்.

மாமா உட்பட எல்லாரும் போனதும் மொட்டை மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தான். மேசை அப்போது சுவரோரம் தலைகீழாகக் கிடந்தது; அதற்கடியிலும் போய்ப் பதுங்கியிருந்தான். திறமைசாலி.

"நல்லா நடிச்சே," என்றான். "இப்ப வேலையைப் பாப்போம். அவசரச் சேதிக்குத் தனி வரிசை போட்டா முடிஞ்சுது. சாயந்தரத்துக்குள்ள எழுதி இங்கேர்ந்தே ஏத்திடலாம். நாளைக்கு என்ன பண்ணினாலும் கை டக்குன்னு நிக்கும். இனிமே யாருக்கும் அடிபடாது. ஒம்பதும் ஒம்பதாவே இருக்கும்."

"மாமா?"

மொட்டை தரையைப் பார்த்தான். "வேற வேலை கிடைக்காதா அவருக்கு?"

சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடலாம்: அந்த ஒரு கணம் நொடிக்கும் ஆசை வந்தது. ஐந்து வருடம். அந்த ஒன்பதுக்காக அவன் விட்ட தூக்கமும், விட்ட பெண்ணும், விட்ட தலைமுடியும் கொஞ்சமில்லை. மொட்டை அளவுக்கு இல்லையென்றாலும் போன முடி முடிதானே. ஆசை வந்ததும் தலையணையை அமுக்குகிற ஒரு கட்டைவிரல் ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த கணம் மொட்டையின் லேப்டாப்பைப் பிடித்து இழுத்தான். தொழிற்சாலைக்குள் எதையும் ஏற்றுவதற்கான சாவி அது ஒன்றில்தான் இருந்தது.

"விடுடா!"

"நீ விடு!"

அடிதடியில் இருவருக்கும் அனுபவம் கிடையாது. அதனால் விதிமுறை எதுவும் தெரியாமல் சண்டை போட்டார்கள். நொடி மொட்டையின் முழங்கைக்குக் கீழே கடித்தான். தோல் கிழிந்து உப்புக்கரித்தது. மொட்டை தரையில் கிடந்த கீபோர்டை எடுத்து அவன் வாயிலேயே அடித்தான். பட்டன்கள் அறை முழுக்கத் தெறித்தன. நொடி தலையால் அவன் வயிற்றில் முட்டினான். மொட்டை சுவரில் மோதி, '9' மேல் முதுகால் வழுக்கிக்கொண்டு இறங்கினான். நொடி லேப்டாப்பை ஜன்னல் வழியாக வீசினான். கீழே டயர் கடைக்காரர் பஞ்சர் பார்க்கிற தொட்டியில் அது 'பளக்' என்று விழுந்து, சில குமிழிகளை விட்டுவிட்டு அடங்கியது.

தரையில் சிதறிய பட்டன்களுக்கு நடுவே ஒரு பல்லும் கிடந்தது. யாருடையது என்று இருவரும் நாக்கால் துழாவிப் பார்த்தார்கள். நொடியுடையது.

மொட்டை அழ ஆரம்பித்தான். நொடியும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "கை ரொம்ப எரியுதாடா?" என்று கேட்டான். பல் போன ஓட்டை வழியாகக் காற்றுதான் அதிகம் வந்தது.

"போடா நாயே," என்றான் மொட்டை. பிறகு சட்டையைக் கழற்றி அவன் வாயில் வைத்து அழுத்தினான்.

மறுநாள் காலை பதினொன்றரைக்குத் தொழிற்சாலையில் நாலாம் நம்பர் கைக்கு எதிரே, வெல்டர் நின்ற அதே இடத்தில், ஒரு மணல் மூட்டையைக் கம்பத்தில் கட்டினார்கள். அதற்கு வெல்டரின் பழைய தோல் கோட்டை மாட்டிவிட்டார் மாமா. பொத்தானையும் போட்டுவிட்டார். எட்டுக் கைகளும் ஓட, நாலாவது மட்டும் மெதுவாக ஆட, மேனேஜர் மூன்று முறை பட்டனை அமுக்கிக் காட்டினார். மூன்று முறையும் கை மூட்டைக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது.

"போதுமா? எனக்கு வேலை இருக்கு," என்றார் மேனேஜர்.

நொடி சுவரைப் பார்த்தான். வருகிற விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காகப் போன மாதம் மாட்டிய ராட்சத டிவி ஒன்று அங்கே இருந்தது. எட்டுக் கைகளின் சூடு, வேகம், அதிர்வு எல்லாம் அதில் கலர்கலராக ஓடும். இப்போது கறுப்பாக இருந்தது.

"விபத்து நடந்தப்போ இது ஓடுச்சா சார்?"

"ஓடுச்சு. அடிபட்டவன் ரத்தத்தைக் கழுவுறப்போ தண்ணி படுமேன்னு அணைச்சேன். அதுக்கென்ன?"

"போடுங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா..."

முதல் தம்பி மேனேஜரின் சட்டைக் காலரைப் பிடித்து, அவருடைய பாதம் தரையைத் தொடாத உயரத்துக்குத் தூக்கினான். "போடு," என்றான்.

டிவி எழுந்தது. எண்கள் மெதுவாக, தடுக்கித் தடுக்கி வந்தன. சேதியை வாங்குகிற அந்தச் சோம்பேறி அதுதான். நொடி ஐந்து நிமிடம் காத்திருந்தான். பிறகு, "மாமா, நீங்க அமுக்குங்க," என்றான்.

மாமா பட்டன் மேல் கட்டைவிரலை வைத்தார். கை திரும்பி மூட்டைப் பக்கம் வரத் தொடங்கியதும் அமுக்கினார். அமுக்கியதை எல்லாரும் பார்த்தார்கள். பட்டன் உள்ளே போன 'டக்' சத்தத்தைக்கூடக் கேட்டார்கள்.

கை நிற்கவில்லை.

அவசரமே இல்லாமல் வந்தது. வேலியருகே வந்து மூட்டையைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்து, அதற்கப்பாலும் போனது. தோல் கோட்டின் தையல் தோளிலிருந்து இடுப்புவரை பிரிந்தது. கோணி வெடித்து மணல் எல்லார் முகத்திலும் அறைந்தது. கம்பம் முனகிக்கொண்டு வளைந்தது. கோட்டின் ஒரு பொத்தான் பறந்துவந்து மூன்றாம் தம்பியின் காலடியில் விழுந்தது. அவன் திரும்பிச் சுவரோரம் வாந்தி எடுத்தான். பிறகுதான் கை நின்றது. மாமா இன்னும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். விரல் நகம் வெளுத்திருந்தது.

"மாமா, விடுங்க," என்றான் நொடி, போனில் ஓடவிட்ட கடிகாரத்தைப் பார்த்தபடி. "அமுக்கி ரெண்டேகால் விநாடி கழிச்சு நின்னிருக்கு. நீங்க சரியான நேரத்துலதான் அமுக்கினீங்க."

மாமா விரலை எடுத்துப் பார்த்தார். வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தரையில் கொட்டிய மணல் மேல் அப்படியே உட்கார்ந்து, கிழிந்த கோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ரெக்கார்டு தப்பு சார்," என்று நொடி மேனேஜரிடம் சொன்னான். "எழுத்துல தர்றேன். அம்பு ஓடுற எல்லா இடத்துக்கும் இன்னிக்கே எழுதுறேன். கேபிளைத் திருப்பிப் போடுங்க." கதவருகே நின்ற மொட்டை முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். ஆனால் போகவில்லை.

கடைக்குட்டி முன்னால் வந்தான். இந்த முறை அவனுக்கு முன்னால் யாரும் இல்லை.

"எங்க அண்ணனுக்கான 'நில்' சேதிக்கு முன்னாடி எத்தனை சேதி நின்னுச்சு?"

"ஒம்பதாயிரம் இருக்கும்."

"அப்படி என்ன அவசரச் சேதி அதுல?"

நொடி சுவர் டிவியைக் காட்டினான். "கையில இருக்குற சென்சாருங்க அதுக்கு அனுப்புறது. 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்'னு."

"ஒம்பதாயிரமும்?"

"ஒம்பதாயிரமும்."

கடைக்குட்டி சட்டைக் கையைச் சுருட்டினான். மாமா தடுக்க எழுந்தார். "அவனை நான் அடிக்கலாம், நீ அடிக்கக் கூடாது," என்று தொடங்கினார். "இருங்க மாமா, வாக்கு குடுத்திருக்கேன்," என்று நொடி, நேற்றே விரிசல் விட்ட மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தான். அப்படியே சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டான். பன்னிரண்டு ஐந்து.

குத்து தாடையில் விழுந்தது. கூரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. மணலில் மல்லாந்து கிடந்த நொடி வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். கண் மூடித் திறப்பதற்குள் விழுந்த குத்துதான். ஆனால் ஆள் படியில் கால் வைத்தது நேற்றுக் காலை பத்தேகாலுக்கு.

"இருபத்தஞ்சு மணி ஐம்பது நிமிஷம்," என்றான் நொடி.

"என்னடா உளர்றான்?" என்றான் கடைக்குட்டி.

"கணக்குப் பாக்குறான்," என்றார் மாமா. அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து அவனைத் தூக்கி நிறுத்தினார். "இப்பத்தான் சரியாப் பாக்குறான்."